தெற்கே நடந்த வீடு

கெட்டிலின் வீடு தெற்கு நோக்கி நகரத் தொடங்கியது ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை, காலைக் காப்பி வடிந்துகொண்டிருந்த நேரத்தில். அன்று வடகரையில் இருக்கிற எங்கள் கால்ட்விக் துறைமுகத்தில் காட் மீனின் விலை சற்று இறங்கியிருந்தது. காற்று வடக்கிலிருந்து அடித்தது. வெள்ளைச் சுவரும் சிவப்புத் தகரக் கூரையும் கொண்ட அந்த வீடு மதியத்துக்குள் தன் வேலியைத் தாண்டியது, மறுநாள் தேவாலயத்தைத் தாண்டியது, வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையில் ஏறியது. பழைய இடத்தில் சிமெண்டு அடித்தளமும், பல வருடமாகத் தேடிக் கிடைக்காத ஒரு பெரிய கரண்டியும் மட்டும் கிடந்தன. நெடுஞ்சாலைக் காவலர் வந்து பார்த்துவிட்டு, சாலையில் போகிற எதுவானாலும் பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்பது சட்டம் என்று எடுத்துச் சொன்னார். கெட்டிலின் மனைவி சால்வோர் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டாள். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

காரணம் ஒரு சின்னப் பிழை. எங்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க ஆயிரத்து ஐந்நூறு பேர் ஆதரவு தர வேண்டும்; இப்போதெல்லாம் அதைக் கணினியிலேயே தந்துவிடலாம். ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் தரலாம். அந்த வருடம் கெட்டிலின் அக்கா மகள் ஒட்னி, தலைநகர் ரெய்க்யவிக்கில் நீதிபதியாக இருந்தவள், தேர்தலில் நின்றாள். துறைமுகத் தராசில் மீன் நிறுத்து வாழ்ந்த கெட்டில், ஒரு கிலோவைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனிதர், அவளுக்கு ஆதரவு தரக் கணினி முன் உட்கார்ந்தார். ஆதரவு தருகிற பொத்தானை விட்டுவிட்டு, ஆதரவு திரட்டுகிற பொத்தானை அமுக்கிவிட்டார். எழுந்து போய்ப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் அவரே வேட்பாளர். ஊரில் பாதிப்பேர் அதற்குள் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அவர் ஜனாதிபதி ஆக வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் பட்டியலில் பார்த்த பிறகு போடாமல் போவது, எதிரே அவர் வண்டி வரும்போது கையைத் தூக்காமல் போவது மாதிரி. எங்கள் ஊரில் அதை யாரும் செய்வதில்லை.

யாராவது கெட்டிலுக்கு ஓட்டுப் போடுவதாக வாக்குக் கொடுத்தால் வீடு கொஞ்சம் நகர்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் சால்வோர். அவள் ரெய்க்யவிக்குக்காரி. ஒரு கோடையில் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து, கெட்டிலைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவள். தங்கினாளே தவிர, பேரத்தை விடவில்லை. முப்பது வருடமாகத் தெற்கே போகலாம் என்று அவள் ஒரு விலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடு குட்டி போடட்டும், ரோமம் வெட்டட்டும், மலையிலிருந்து மந்தை இறங்கட்டும் என்று அவர் இன்னொரு விலை சொல்லிக்கொண்டிருந்தார். விற்க மனமில்லாத வியாபாரியும் வாங்காமல் போக மனமில்லாத கிராக்கியும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் கடல் தாண்டித் தெரிகிற நகரத்து விளக்குகளைப் பற்றிப் பேசியவள், தன் சமையலறை ஜன்னலே அதை நோக்கிக் கிளம்பியதும், நேரே போய்ப் பீங்கான்களைத் துணியில் சுற்றி வைத்தாள்.

அவள் முன்னறையில் முடி வெட்டுகிறவள். எங்கள் பக்கத்தில் அவள் கத்திரி படாத தலை குறைவு. வீடு போகிற வழியெல்லாம் நாற்காலியைப் போட்டு, வழிப்போக்கரையும் லாரிக்காரரையும் பாதிரியாரையும் உட்காரவைத்து வெட்டினாள். காதருகே கத்திரியைப் பிடித்தபடி, என் வீட்டுக்காரர் நிற்கிறாராமே என்று மட்டும் சொல்வாள். அந்த நிலையில் யார்தான் இல்லை என்பார்கள்? ஒவ்வொரு தலைக்கும் ஒரு கையெழுத்துச் சேர்ந்தது, வீடு முன்னே போயிற்று. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் வந்தால், எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு ஓரமாக நின்று, அவர் கையைத் தூக்கிவிட்டுப் போன பிறகு கடந்தது. அந்த வீட்டின் நடத்தையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

கெட்டில் வீட்டோடு போகவில்லை. குட்டி போடுகிற பருவம். அவர் ஆட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, துறைமுகத் தராசையும் நாற்பது ஆட்டையும் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டிக்குப் போனார்; ஊர் விவகாரம் எல்லாம் அங்கே கழுத்தளவு நீரில்தான் தீர்மானமாகும். படகுக்காரர் ஸ்னைபியோர்ன் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஜனாதிபதி வந்தா எழுந்து நிக்கணுமா, இல்ல உக்காந்தபடியே மரியாதை பண்ணிக்கலாமா? எழுந்தா குளிருது, அதான் கேக்குறேன்."

"வீட்டை யாராச்சும் பாத்தீங்களா?" என்றார் கெட்டில்.

"நேத்து ப்ளோண்டுவோஸ் பெட்ரோல் பங்குல நின்னுச்சு. சால்வோர் ஹாட் டாக் வாங்கிட்டிருந்தா. எல்லாம் போட்டு."

"வெங்காயமுமா?"

"எல்லாம் போட்டுன்னா எல்லாந்தான்பா."

கெட்டில் முகத்தில் வெந்நீரை அள்ளி அடித்துக்கொண்டார். கொட்டகையில் இருந்த ஒரே தட்டை அவர் நினைத்துக்கொண்டதாக ஸ்னைபியோர்ன் பிறகு சொன்னார். அவர் எதையும் சேர்த்துச் சொல்கிறவர்தான்.

மே மாதம் ஒட்னி வந்தாள். கொட்டகையில், பிரசவ வேதனையில் கிடந்த ஓர் ஆட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாமனும் மருமகளும் மண்டியிட்டிருந்தார்கள். எனக்கு ஓட்டுப் போட வேண்டிய ஊர், உங்கள் வீட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது மாமா, விலகிவிடுங்கள் என்றாள். கெட்டிலுக்கும் அதுதான் ஆசை. ஓட்டு உனக்குத்தான், நான் அமுக்க நினைத்ததே உன் பெயரைத்தான் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். அந்த நேரத்தில் வீடு ஒரு முழம் பின்வாங்கியதாகவும், அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்த பானை தளும்பியதாகவும் சால்வோர் பின்னால் சொன்னாள். எப்படியோ, அன்றே அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நீ விலகினா வீடு திரும்பி வந்துடும், கெட்டில். அது வீடு, அதுக்குச் சொந்தப் புத்தி கெடையாது. நான் திரும்ப மாட்டேன்."

"தேர்தல்ல தோத்தா?"

"அது தோத்த பிறகு. இப்ப போர்கார்னெஸ் தாண்டிட்டேன். ஜன்னல்ல கடல் உப்பு வேற மாதிரி படியுது. முப்பது வருஷத்துல முதல் தடவையா நீ எனக்கு ஒண்ணு குடுத்திருக்க, அதுவும் தப்பா அமுக்கி. அதை வாபஸ் வாங்காதே."

கெட்டில் விலகவில்லை. அவர் ஒரு கூட்டத்திலும் பேசவில்லை, ஒரு சுவரொட்டியும் அடிக்கவில்லை. வீடு கடலடிச் சுரங்கத்தில் நுழைந்து வெளியே வந்து, எஸ்யா மலையடியில், ரெய்க்யவிக் முழுவதும் தெரிகிற ஒரு புல்மேட்டில் போய் நின்றது. விரிகுடாவுக்கு அப்பால் ஜனாதிபதி மாளிகை, ஒரு வெள்ளைப் பல் மாதிரி தெரிந்தது. சால்வோர் ஜன்னலுக்குப் புதுத் திரை அளவெடுத்தாள்.

வாக்குப்பதிவு ஜூன் முதல் சனிக்கிழமை. கொடுத்த வாக்கு எல்லாரும் கேட்க. போடுகிற ஓட்டு திரைக்குப் பின்னால். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் எவ்வளவு என்பது வழக்கமாக யாருக்கும் தெரிவதில்லை. அன்று தெரிந்தது. கெட்டில் காலையிலிருந்தே பள்ளிக்கூடப் படியில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு, உள்ளே போகாமல் நின்றிருந்தார். வெளியே வந்த ஒவ்வொருவரும் அவர் தோளைத் தட்டி, போட்டாச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்பதரை மணிக்கே சால்வோர் கூப்பிட்டுவிட்டாள்.

"பின்னாடி போகுது. இப்ப யாரு உள்ள போயிட்டு வந்தா?"

"ஸ்னைபியோர்ன்."

"என்ன சொன்னான்?"

"எனக்குப் போட்டதாச் சொன்னான்."

"குளியலறைக் கண்ணாடி விழுந்து ஒடஞ்சுடுச்சு."

நாடு முழுவதும் அப்படியே நடந்தது. பாதிரியார் போட்டார், லாரிக்காரர்கள் போட்டார்கள், புதிதாக முடி வெட்டிய தலைகளெல்லாம் வரிசையில் நின்று போட்டன. வீடு மத்தியானத்துக்குள் சுரங்கத்தில் பின்பக்கமாக நுழைந்து, போர்கார்னெஸ்ஸைக் கடந்து, வடக்கே ஓடியது. வந்தபோது ஆடு மேய்கிற வேகம், போனபோது லாரி வேகம். ஒற்றைப் பாலங்களில் மட்டும் பழையபடி நின்று வழிவிட்டது.

கெட்டிலால் உள்ளே போக முடியவில்லை. ஒட்னிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தனக்குத் தானே ஓட்டுப் போடுவது என்கிற காரியம். எங்கள் ஊரில் படகு நிறைய மீன் பிடித்தவன்கூட ஏதோ கிடைத்தது என்றுதான் சொல்வான். தன் பெயருக்கு நேரே தானே பெருக்கல் குறி போட்டவன் என்று பெயரெடுத்தால், பேரன் காலம் வரை வெந்நீர்த் தொட்டியில் அதே பேச்சாக இருக்கும். சாயங்காலம் வரை நின்றார். படியில் யாரோ காப்பியும் முறுக்கிப் பொரித்த மாவுப் பலகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெயில் இறங்காமல் நின்றது, ஜூன் மாதத்தில் அது இறங்குவதில்லை.

கதவைச் சாத்தப் போகிற வேளையில் சால்வோர் மறுபடி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"ஹோல்டவர்தா மேடு ஏறுது, கெட்டில். அந்தப் பக்கம், வடக்கே, இறங்க ஆரம்பிச்சா நான் குதிச்சுடுவேன். பைய எடுத்து வெச்சுட்டேன். தெற்கே போற பஸ் ஒண்ணு வரும்."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். திரைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். பென்சில் முனை ஒடிந்ததா என்று அதிகாரி கேட்டார். ஒடியவில்லை என்றார் கெட்டில். சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் கொட்டகைக்கு நடந்தார். அதே நேரம் மேட்டின் உச்சியில், சால்வோரின் ஒரு கால் வாசற்படியிலும் இன்னொரு கால் காற்றிலும் இருந்தபோது, வீடு நின்றது.

மறுநாள் காலை வானொலியில், மீன் விலை வாசிக்கிற குரலிலேயே முடிவுகளை வாசித்தார்கள். வென்றவர் நல்ல மனிதர், அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஒட்னி மூன்றாவதாக வந்தாள். கடைசியாக வந்த கெட்டிலுக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது ஒரு ஓட்டு. ரொட்டிக்கடையில் சிரித்தார்கள், படகில் சிரித்தார்கள், தலைநகரில் அவரைத் தெரியாதவர்களும் சிரித்தார்கள். ஒட்னி கூப்பிட்டு, இந்த நாட்டிலேயே யார் போட்டது என்று எல்லாருக்கும் தெரிந்த ஓட்டு உங்களுடையது ஒன்றுதான் மாமா என்றாள். பிறகு, பரவாயில்லை என்றாள். பொய்யே நிறுத்தறியாத தராசுக்காரர் காது சிவக்கக் கேட்டுக்கொண்டார்.

ஆடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு மலையேற்றுகிற காலம் அது. கெட்டில் வழக்கமான மலையில் நிறுத்தாமல் மந்தையை மேலும் ஓட்டிக்கொண்டு போய், ஹோல்டவர்தா மேட்டில் ஏறினார். சால்வோர் வாசலில் நின்றிருந்தாள். பை அவள் காலடியில், இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"காலையிலயே உள்ள போயிருந்தா, இப்ப நாம கடலைப் பாத்துக்கிட்டு காப்பி குடிச்சிட்டிருப்போம்."

"கூச்சமா இருந்துச்சு."

"கேட்டேன், ரேடியோல. நாடே கேட்டுச்சு."

"நீ யாருக்குப் போட்ட?"

"முன்னாடியே தெற்கே போட்டுட்டேன். ஒட்னிக்கு. நாட்டுக்கு அவதான் சரி."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றார் கெட்டில்.

 சால்வோர் பையை உள்ளே தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். காப்பி வடிய வைத்தாள்.

வீடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. தெற்கு மாவட்டத்துக்கும் வடக்கு மாவட்டத்துக்கும் நடுவிலுள்ள எல்லை அதன் கூடத்தின் வழியாகப் போகிறது. கூரையின் ஒரு பக்கத்து மழை தெற்கே ஓடுகிறது, மறுபக்கத்து மழை வடக்கே. வீட்டு வரி யாருக்கு என்று இரண்டு மாவட்டமும் சில வருடம் சண்டையிட்டு, சமையலறை தெற்குக்கு, படுக்கையறை வடக்குக்கு என்று பேசி முடித்தன. ஆகவே சால்வோர் தான் தெற்கே வந்துவிட்டதாகவும், கெட்டில் தான் வடக்கை விட்டு அசையவே இல்லை என்றும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள், இரண்டும் உண்மை. பேருந்துகள் அங்கே நிற்கின்றன, பயணிகள் ஆட்டிறைச்சி சூப் குடிக்கிறார்கள், அவசரமில்லாதவர்கள் முடியும் வெட்டிக்கொண்டு போகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த வீடு அது என்று தெரிந்தவர்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்த வேட்பாளரைப் பற்றிக் கேட்டாலும், பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை, கையெழுத்துத் திரட்டுகிற பருவம் வந்ததும், கெட்டில் வீட்டின் தெற்குச் சுவருக்கு ஒரு பெரிய கல்லை அண்டக்கொடுக்கிறார். அவர் ஆட்டுக்குப் போன பிறகு சால்வோர் வெளியே வந்து, அதே அளவில் ஒரு கல்லை வடக்குச் சுவருக்கு வைக்கிறாள்.