அரை டிக்கெட் புகை

முகத்துவாரத்தைக் கடக்கும் பயணப் படகின் புகை, ஒரு செவ்வாய்க்கிழமை முதல் காற்றில் கலைவதை நிறுத்திக்கொண்டு, படகுக்கார அம்மாவின் பின்னால் நடந்து வீட்டுக்கு வர ஆரம்பித்தது. முதல் நாள் தலையணை அளவுதான் இருந்தது. செருப்பு விடும் இடத்தில் ஓரமாக நின்றது. உள்ளே வா என்று யாரும் சொல்லாததால் வரவில்லை. மாதக் கடைசியில் பீரோ அளவுக்கு வளர்ந்துவிட்டது. எதிர்வீட்டுச் சலவைக்காரர் வெள்ளைத் துணி உலர்த்தும் கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டினார். பக்கத்து மளிகைக்காரர், இப்படி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, வாடகை ஏதாவது தருமா என்று விசாரித்தார். விசாரித்துவிட்டு அதன் நிழலிலேயே தன் மூட்டைகளை இறக்கிக்கொண்டார்.

எங்கள் ஊரில் முதலில் சொல்லப்படும் எண்ணை யாரும் நம்புவதில்லை. டாக்டர் பத்து நாள் மாத்திரை என்றால் ஆறு நாளில் முடித்துக்கொள்வோம். இது தெரிந்த டாக்டர் பதினாறு நாள் என்பார். அதேபோல யாருக்கும் நன்றி சொல்வதும் கிடையாது. சொன்னால் அடுத்த முறை விலை ஏறிவிடும். இந்த இரண்டு விஷயத்திலும் படகுக்கார அம்மா ஊருக்கே மேல். எந்தக் கணக்கையும் பாதியிலிருந்து பேரம் பேச ஆரம்பிப்பதால் அவருக்குப் பாதியம்மா என்றே பெயர். அவருடைய கணவர்தான் படகின் டிரைவர். இருபத்தெட்டு வருடம் டீசல் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது பாதி மந்தமாகிவிட்டது. அதிலும் பாதியா என்று ஊர் சிரித்தது.

துறைமுக அதிகாரி டேப்போடு வந்து புகையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். அவருடைய படிவத்தில் அதற்கு ஏற்ற கட்டம் இல்லாததால், ‘புகை: ஒன்று, பெரியது’ என்று எழுதிக்கொண்டார். நான்கு மாதத்துக்குள் படகு புகைவிடுவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அனுமதி ரத்து என்றார். பாதியம்மா அதை ஆறு மாதமாக்கினார். ஆனால் ரத்து என்ற சொல்லை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியும் நூல் மில்லும் அக்கரையில் இருந்தன. சாலை வழியாகப் போனால் அரை நாள். படகு நின்றால் அந்தக் குடும்பம் மட்டுமல்ல, இரண்டு கரையும் உட்கார்ந்துவிடும்.

அதிகாரியே ஒரு வழியும் சொன்னார். படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஏழு நாளில் மூன்று கப்பல் பட்டறைகளையும் நான்கு படகுத் துறைகளையும் சுற்றிக்காட்டும் பேருந்து ஒன்று கிளம்புகிறது, போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்றார். பாதியம்மாவும் டிரைவரும் ஏறினார்கள். பின்னாலேயே புகையும் ஏறியது. இரண்டு இருக்கையை அடைத்திருக்கிறது, இரண்டு டிக்கெட் எடுங்கள் என்று கண்டக்டர் நின்றார்.

“பொறந்தே நாலு மாசம்தான் ஆகுது. இதுக்குப் போய் முழு டிக்கெட்டா?”

“அக்கா, நாலு மாசக் குழந்தை இந்த சைஸ்ல நான் பார்த்ததில்ல.”

“வளர்த்தி அப்படி. நான் என்ன செய்ய?”

அரை டிக்கெட்டில் முடிந்தது.

முதல் பட்டறையில் கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அடி வழுவழுப்பாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிச்சம் என்றார் மேஸ்திரி. நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாமே என்று பாதியம்மா கேட்டுப் பார்த்தார். அடுத்ததில், தண்ணீருக்கு விஷமாகாத பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். புகை தானாகவே வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டது. ஈரப் பெயின்டில் கறை படியுமே என்ற அடக்கம் அதற்கு இருந்தது. ஒரு துறையில் கழிவு எண்ணெயை ஒரு சொட்டு சிந்தாமல் பீப்பாயில் பிடித்தார்கள். டிரைவர் தன் வாழ்நாளில் ஆற்றில் ஊற்றியதையெல்லாம் நினைத்து அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காவது துறையில் பேட்டரிப் படகு. ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் கரையிலிருந்து ஒரு வயரை மாட்டி மின்சாரம் ஏற்றினார்கள். பிறகு படகு, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் நகர்ந்தது. நடு ஆற்றில் மனைவி ஏதோ சொல்ல, டிரைவர் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்.

“இத்தன வருஷமா இப்படித்தான் பேசிட்டிருந்தியா?”

“இல்லைங்க. கத்திட்டிருந்தேன்.”

அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். மூன்றாவது பட்டறையின் இன்ஜினியர் அவர்கள் படகின் எடை, ஆற்றின் அகலம், நீரோட்டத்தின் இழுப்பு எல்லாவற்றையும் கேட்டு, பன்னிரண்டு பேட்டரிப் பெட்டி என்றார். பாதியம்மா ஆறு என்றார். இது விலை இல்லம்மா, தண்ணீர் கணக்கு என்று அவர் சொல்லிப் பார்த்தார். தண்ணியில மட்டும் பேரம் கிடையாதா தம்பி என்று அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த இன்ஜினியர், முதலில் சொல்வதே கடைசியாகவும் இருக்கும் ஓர் ஊரில் வளர்ந்தவர், உள்ளதைத்தான் சொல்லியிருந்தார். பாதியம்மாவோ அவர் ஏற்றிச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டார். மூன்று டீக்குப் பிறகு ஒன்பதில் வந்து நின்றது. ஒன்பது என்றால் முப்பது பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று இன்ஜினியர் கையில் எழுதிக் கொடுத்தார். அம்மா அந்த முப்பதையும் ஆரம்ப எண்ணாகவே கருதினார்.

ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வெள்ளோட்டம். இன்ஜினைக் கழற்றிய டிரைவர் அதைத் துடைத்து, வீட்டுக் கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்தார். அதிகாரி வருவதால் நீ வராதே, மானம் போய்விடும் என்று பாதியம்மா புகையிடம் சொன்னார். அது டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. படகில் நாற்பத்திரண்டு பேர். சத்தமில்லாத படகில் ஊர் வம்பெல்லாம் தெளிவாகக் கேட்டதால், புறப்பட்ட ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு பழைய சண்டைகள் புதுப்பிக்கப்பட்டன. ஆற்றில் முக்கால் தூரம் தாண்டியதும் படகு நின்றது. வடியும் நீர் அதை மெல்லக் கடல் பக்கம் திருப்பியது. அலை உடையும் மணல்திட்டு கண்ணுக்குத் தெரிந்தது. டிரைவர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பாதியம்மா எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்ட விலையை அப்படியே கொடுத்தார்.

“மூணு பெட்டி கம்மி. பன்னெண்டு பேரு அதிகம். ரெண்டையும் செஞ்சது நான்தான்.”

அவர் விட்டுவந்த கரையின் பக்கம் திரும்பி, இத்தனை மாதம் வாசலில் நிறுத்தியே வைத்திருந்ததைப் பார்த்து, “வா” என்றார்.

புகை தண்ணீர்மேல் வந்தது. அவசரப்படவில்லை, ஆனால் வழியில் எங்கும் நிற்கவுமில்லை. படகின் பின்பக்கம் போய்த் தோள் கொடுத்தது. இருபத்தெட்டு வருட டீசல் வாசனை எல்லோர் மூக்கிலும் ஏறியது. அன்று ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. மணல்திட்டை விட்டுப் படகு விலகி, அக்கரைத் துறையில் போய் இடித்து நின்றபோது, புகை ஒரு மூட்டை அளவு குறைந்திருந்தது. அதிகாரி படிவத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு எழுதினார்: ‘படகு விட்ட புகை: இல்லை. படகைத் தள்ளிய புகை: ஒன்று. மூன்று பெட்டி சேர்த்தபின் அனுமதி.’

பாதியம்மா அன்றே இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டு, இன்னும் மூன்று பெட்டி வேண்டும், நீங்கள் சொல்வதுதான் விலை என்றார். பக்கத்தில் நின்ற மளிகைக்காரர் பிடிமானத்துக்குக் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்றும் அவர்கள் கிளம்பிய அன்றே எடுத்துவைக்கப்பட்டுவிட்டன, மேலே சாக்பீஸில் ‘அம்மாவுக்கு’ என்று எழுதியிருக்கிறது என்றார் இன்ஜினியர். அம்மா போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு “ரொம்ப நன்றி தம்பி” என்றார். பயந்ததுபோல் எதுவும் விலை ஏறவில்லை. அன்று மாலை அவர் வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்தார். புகை உள்ளே வந்து, கூடத்தில் துணி போர்த்திய இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டது.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது பன்னிரண்டு பெட்டியோடு, முப்பத்தெட்டு பேர் என்ற சரியான கணக்கோடு படகு ஓடுகிறது. வருடத்துக்கொரு தரம் அடியைச் சுரண்டுகிறார்கள். நீரோட்டம் பலமாக இருக்கும் நாட்களில் புகை இறங்கி ஒரு கை தள்ளிவிட்டு ஏறி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. தள்ளத் தள்ளக் கரைந்து, இன்று ஒரு குடம் அளவுக்கு இருக்கிறது. அக்கரையில் இறங்கும்போது ஆட்கள் அதைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் செலவாகும் இடம் இன்றும் அது ஒன்றுதான். டிரைவருக்குக் காது கொஞ்சம் தெளிந்திருக்கிறது, அதனால் அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்காரப் போனால், பக்கத்தில் இருப்பவர் தலையைக்கூடத் திருப்பாமல், ஆள் இருக்கு என்பார். வந்தவரும் ஒதுங்கி வேறு இடம் பார்த்துக்கொள்வார்.