மேற்குச் சுவரில் நீல வெளிச்சம்

பழைய விளக்கு அணைந்தது நோன்புக்கு முந்திய மாதத்திலா, பெருநாள் கழிந்த பிறகா என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. றுமைஸிடம் கேட்டால் முந்தி என்பான். அவன் மனைவி ஸம்றாவிடம் கேட்டால் பிந்தி என்பாள். அணைந்தது மட்டும் உண்மை. உப்புக் காற்று உள்ளே புகுந்து, வயர் முனைகளெல்லாம் பச்சையாகப் பூத்துப்போய், ஒரு காலையில் தொட்டி இருளாகக் கிடந்தது.

தொட்டிக்குள் இருந்தவை பவளங்கள். நம் கடலில் பிடுங்கியவை அல்ல, அது குற்றம். கொழும்பில் தொட்டியிலேயே வளர்த்து, துண்டு துண்டாக விற்கும் ஒருவரிடம் வாங்கியவை. சில காளானைப் போல விரியும். சில சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்ததுபோலக் கூட்டமாக இருக்கும். மீனென்றால் தீனி போட்டுவிட்டுப் போகலாம். இவற்றுக்கு வெளிச்சம்தான் சோறு.

றுமைஸ் கல்முனை பஸாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தான். பேச்சுக் குறைந்தவன். கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி, பெண்ணுக்குக் கொடுத்த வீட்டில் வந்து குடியேறியிருந்தான். ஸம்றாவின் உம்மா ஸாலிஹாவும் அதே வீட்டில்தான். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதை அப்படி. அவன் ஹோலுக்குள் வந்தால் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்பதும் ஸம்றா வழியாகத்தான்.

அந்த ஹோலில், மேற்குச் சுவரோடு, அவன் தொட்டியை வைத்திருந்தான். வெயில் விழாத சுவர் அது ஒன்றுதான். வைத்த நாளிலிருந்து மாமி அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவனை அரித்தது. பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அழகாக இருக்கும்வரை ஒரு பொருளை மாமியின் ஹோலில் வைத்திருக்கலாம். பவளம் செத்தால் அந்த உரிமையும் செத்துவிடும். அப்படித்தான் அவன் தனக்குள் முடிவு கட்டியிருந்தான்.

விளக்குப் பார்க்கப் பாண்டிருப்புக்குப் போனான். அங்கே கிசோக் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தான். இருவரும் பழைய கூட்டாளிகள்.

“பேர் போன லைட்டெண்டா நீ மோட்டச்சைக்கிள விக்கோணும்,” என்றான் கிசோக்.

“வாசலுக்குப் போடுற வெள்ள லைட்டு சரிவராதா?”

“வரும். பாசி நல்லா வளரும். பிறகு பாசிதான் வளக்கிறன் எண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரி.”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். அடியில் சின்னச் சின்னப் பல்புகள், மேலே திருகுவதற்கு இரண்டு குமிழ்கள்.

“சீனத்துச் சாமான். பேருமில்ல, ஊருமில்ல. ஆனா நீலம் இருக்கு. இது நீலத்துக்கு, இது வெள்ளைக்கு. பவளத்துக்கு நீலம்தான் முக்கியம்.”

“மலிவாக் கிடக்கே. வெளிச்சம் காணுமா?”

“உன்ட தொட்டி என்ன, சாகாமத்துக் குளமா? முழங்கை அளவு ஆழம். காணும், கொண்டு போ.”

றுமைஸ் கொண்டுபோய்த் தொங்கவிட்டான். மலிவுச் சாமான், முழுவதும் திருகினால்தான் உள்ளதைக் கொடுக்கும் என்று நினைத்து இரண்டு குமிழ்களையும் கடைசிவரை திருகிவிட்டான். ஹோலின் சீமெந்துத் தரை முழுக்க நீலம் பரவியது. காலையில் கடைக்குப் போகும்போது விளக்கைப் போட்டுவிட்டுப் போவான். அந்தியில் வரும்போது பவளங்கள் நன்றாக விரிந்திருக்கும். பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருப்பான்.

வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டு. முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்த நேரம் தவிர, முழுநாளும் ஒரு புத்தகத்தோடு தொட்டிக்கு முன்னால் இருந்தான். பிற்பகல் அசர் தொழுகைக்குள் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. காளான்கள் சுருங்கி, ஓரம் வெளிறிப்போயின. மறுநாள் அந்தியில் பார்த்தால் நன்றாக இருந்தன. அடுத்த வெள்ளி, மறுபடியும் அதே கதை.

தொலைபேசியில் கிசோக் சிரித்தான். “உன்ட பவளமும் வெள்ளிக்கிழம கடையப் பூட்டுதோ?” பிறகு குரல் இறங்கியது. “இல்லடா, வெளிச்சம் போதாமப் போயிருக்கும். இன்னொண்டு வாங்கிப் போட்டுப் பாப்பமா?”

இன்னொன்று வாங்க றுமைஸுக்கு மனமில்லை. இரண்டு மலிவு விளக்குகளைத் தொங்கவிட்டுச் சாகிறவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, உயிர் இருக்கும்போதே கொடுத்துவிடலாம்.

“வாற கிழம தொட்டிய கிசோக்குக்கிட்டக் குடுத்திர்ரன்,” என்றான் ஸம்றாவிடம்.

ஸம்றா அவனைப் பார்த்தாள். “உங்கட இஷ்டம்.” குசினிக்குள் ஏதோ ஒரு மூடி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அதற்கு அடுத்த நாள், ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற றுமைஸ், தன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். எடுக்க வந்தது நண்பகல், லுஹர் தொழுகை நேரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹோல் இருட்டாக இருப்பது தெரிந்தது. தொட்டி விளக்கு அணைந்திருந்தது. தொட்டிக்கு நேர் முன்னால் முசல்லாவை விரித்து, மாமி தொழுதுகொண்டிருந்தாள்.

அவன் அசையாமல் நின்றான். தொழும் திசையான கிப்லா மேற்கே. இந்த வீடு கட்டிய காலத்திலிருந்து அவள் தொழுத இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அவள் முகத்துக்கு நேரே அல்லவா தொட்டியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

மாமி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, ஓதி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, விளக்கைப் போட்டாள். திரும்பியபோது அவனைக் கண்டாள். முக்காடு முகத்துக்கு இறங்கியது. விறுவிறென்று குசினிக்குள் போனாள். பிறகு உள்ளேயிருந்து, அவனுக்கும் கேட்கிற அளவில், குரல் வந்தது.

“மகள், மருமகன்ட்டச் சொல்லு. நான் ஒண்டையும் பழுதாக்கல்ல. நீல வெளிச்சம் முசல்லாவுல உழுந்தா ஓதுறது பிசகுது. அதான் அணைச்சிவெக்கிற.”

“உம்மா, அவர் வாசல்லதான் நிக்கிறார். கேட்டுட்டார்,” என்றாள் குசினிக் கதவடிக்கு வந்த ஸம்றா.

“கேட்டா நல்லம். நீ சொல்லு.”

“எவ்வளவு நேரம் அணைச்சிவெக்கிறாவாம் எண்டு கேளு புள்ள,” என்றான் றுமைஸ்.

“காலையில லுஹாவுக்கு. பிறகு லுஹருக்கு. பிறகு யாசீன் ஓதக்குள்ள. அதுல கொஞ்சம் கண்ணயந்தா அசர் வரைக்கும் அப்பிடியே கிடக்கும். வெள்ளிக்கிழம அவர் இரிக்கிறதால நான் அறைக்குள்ள தொழுதுக்கிற.”

றுமைஸ் தொட்டியைப் பார்த்தான். வெளிச்சம் காணாமல் அல்ல, கூடிப்போய்த்தான் அவை வெள்ளிக்கிழமைகளில் வெந்திருக்கின்றன. மற்ற நாட்களில் அவற்றைக் காப்பாற்றியது மாமியின் தொழுகை. மலிவு விளக்கு மலிவாக இருந்ததே தவிர, அதில் ஒரு குறையுமில்லை. கைநீட்டி வெள்ளைக் குமிழை அணைகிற அளவுக்குத் திருகினான். நீலத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினான். ஹோல் ஆறிப்போனது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

“தொட்டிய வேற இடத்துக்கு மாத்தவா எண்டு கேளு.”

ஸம்றா குசினிப் பக்கம் திரும்பினாள்.

“ஏன் மாத்துற?” என்றது குரல். “தொழக்குள்ள அணைஞ்சிருந்தாப் போதும். ஓதி முடிச்சி லைட்டப் போட்டா அதுகள் மெல்ல மெல்ல விரியும். அதப் பாக்காம எழும்ப மனம் வாறல்ல எண்டு சொல்லு. கிசோக்குக்கும் குடுக்க வேணாமாம் எண்டு சொல்லு.”

“சொல்லுறன் உம்மா,” என்ற ஸம்றா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

விளக்கு இன்னும் எரிகிறது. தொழுகை நேரங்களில் தானாக அணைய றுமைஸ் ஒரு டைமர் பூட்டியிருக்கிறான். காளான் ஒன்று தேறவில்லை, மற்றவை பெருகிவிட்டன. கிசோக் அதே பெட்டியைத்தான் விற்கிறான், குமிழைக் குறைத்து வைத்துக் கொடுக்கிறான். மாமிக்கு முழங்கால் வருத்தம் கூடி, இப்போது கதிரையில் இருந்து தொழுகிறாள், தொட்டிக்கு முன்னால்தான். அவளும் மருமகனும் இன்னும் நேரே கதைப்பதில்லை. ஸம்றாதான் இருவருக்கும் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.