தண்ணீருக்கு முன்னால் ஒரு இரண்டு

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. தொழில் ஆடிட்டர். வேதியியல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்றாலும், அதிலும் கரை கண்டவர்தான்.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு மாதிரி வகுப்பு. கல்யாணத்தோடு மூட்டை கட்டிய வேதியியலை மறுபடி பிரித்திருந்தேன். தேறினால் ஆசிரியை வேலை. தேறாவிட்டால் அவருடைய அலுவலகத்தில் சம்பளமில்லாமல் ரசீது அடுக்க வேண்டும். அதற்கு மேஜைகூடப் போட்டுவிட்டார், புண்ணியவான்.

பீரோ கதவில் சாக்பீஸால் H₂ + O₂ → H₂O என்று எழுதி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பல் குத்திக்கொண்டே வந்து நின்றார்.

"இடது பக்கம் ஆக்சிஜன் ரெண்டு, வலது பக்கம் ஒண்ணு. டேலி ஆகல."

"அதத்தாங்க சமன் பண்ணப் போறேன்."

"இதுக்குப் போய் ஒரு வகுப்பா?" சாக்பீஸைப் பிடுங்கி, வலப்பக்க O-வின் காலடியில் குட்டியாக ஒரு 2 போட்டார். H₂O₂ ஆயிற்று. "முடிஞ்சுது. போய் காபி போடு."

"இது தண்ணி இல்லீங்க, ஹைட்ரஜன் பெராக்சைடு. குடிச்சா குடல் வெந்துடும்."

"கணக்கு சரியா வந்துச்சா இல்லியா?"

காபி போட்டேன். தண்ணீரில்தான் போட்டேன்.

மறுநாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் பள்ளித் தாளாளர் உட்கார்ந்திருந்தார். பாதியில் கையைத் தூக்கினார். "கீழ ஒரு சின்ன ரெண்டு போட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கும்மா சுத்தி வளைக்கற?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டிலேயே ஒருவரிடம் பட்டுவிட்டு வந்தவள் நான்.

"கீழ இருக்கற எண் அந்தப் பொருளோட பிறவிக் குணம் சார். அதத் தொட்டா பொருளே மாறிடும். எத்தனை வேணும்னு முன்னாடி மட்டுந்தான் போடலாம்."

தண்ணீருக்கு முன்னால் 2 போட்டேன். ஆக்சிஜன் சரியாயிற்று; ஆனால் வலப்பக்க ஹைட்ரஜன் நான்காகிவிட்டது. அதனால் இடப்பக்க ஹைட்ரஜனுக்கு முன்னாலும் ஒரு 2. இப்போது இரு பக்கமும் ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் இரண்டு. தாளாளர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். "சந்தோஷம்தான்," என்று மோவாயைத் தடவினார். "சமையல், துணி, பாத்திரம் எல்லாம்? ஒண்ணு செய். காலைல நாலு மணிக்கு எழுந்துக்கோ. சாயங்காலம் கொஞ்சம் சுறுசுறுப்பா இரு. டேலி ஆயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் இந்த வீட்டில் எது குறைந்தாலும் என் காலடியில்தான் ஒரு குட்டி எண் ஏறியிருக்கிறது. பாடிக்கொண்டிருந்தேன், நின்றது. படித்துக்கொண்டிருந்தேன், அதுவும் நின்றது. கணக்கு மட்டும் சரியாக வந்தது.

பீரோ கதவில் அவர் போட்ட குட்டி 2 அப்படியே இருந்தது. கையால் அழித்துவிட்டு, சாக்பீஸை அவரிடம் நீட்டினேன்.

"கீழ இருக்கறத இனிமே தொடாதீங்க. முன்னாடி போடுங்க. வீட்டு வேலைக்கு ஆள், ரெண்டு. நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு."

கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சமையலறைக்குப் போனார்.

"பாத்திரம் தேய்க்கற சோப்பு எங்க இருக்கு?"

உலகத்தில் அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.