வெயில்சத்து

வெயிலைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று பூவனலிங்கத்துக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆறு வயதில் ஆட்டுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தவன், இப்போது நாற்பத்தெட்டு. புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் மாசி பிறந்துவிட்டால் ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. வேலிக்கருவை இருக்கிறதே என்பீர்கள். அதன் நிழலில் ஓணான் ஒதுங்கலாம், மனுஷன் ஒதுங்க முடியாது. அந்த வெயிலில் தலையில் ஒரு துண்டோடு நாற்பத்திரண்டு வருஷம் நடந்தவனிடம், உன் மகள் உடம்பில் வெயில்சத்து குறைவு என்று ஒருவர் சொன்னால் ரோஷம் வரத்தானே செய்யும்.

சொன்னது மருந்துக்கடைப் பாண்டிராஜ். அந்தக் கதைக்கு முன்னால் மகளின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரே மகள், தீபலட்சுமி. கோவில்பட்டியில் கல்லூரி இரண்டாம் வருஷம். ஐப்பசியில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் எழுந்தால் தலை சீவச் சீப்பைப் பிடிக்க முடியாது. மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு படர்ந்தது. அக்கி என்று சொல்லிக் காவியால் எழுதிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் கோவில்பட்டி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, லூபஸ் என்று ஒரு பெயர் சொன்னார். கூட ஒரு ஆள்தான் உள்ளே வரலாம் என்றதால் தாய் சுந்தரம்மாள் போனாள். பூவனலிங்கம் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவனுக்குப் பெண்டாட்டி வாய் வழியாகத்தான் வந்தது.

"உடம்பக் காக்கதுக்குன்னு உள்ள ஒண்ணு இருக்காம்லா, அது புத்தி கெட்டுப்போயி நம்ம உடம்பயே கடிக்குதாம்" என்றாள் சுந்தரம்மாள். "தெனமும் மாத்திரை போடணும், விடவே கூடாது. புதன்கெழமைக்கு ஒண்ணு இந்தப் பொட்டலம். பால்ல கலக்கிக் குடிக்கணும், நிறுத்தச் சொல்லுத வரைக்கும். அது சத்து மருந்தாம், எலும்புக்கு. பெறவு, வெயிலு ஆகவே ஆகாதாம். மொகத்துத் தடிப்பு கூடிருமாம்."

காவலுக்கு வைத்த நாயே ஆட்டைக் கடித்த கதை பூவனலிங்கத்தின் கிடையிலும் நடந்ததுண்டு. அந்த நாயை அடித்து விரட்டினான். இதை எப்படி விரட்டுவது என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.

சுந்தரம்மாள் அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் ஊதாப்பூப் போட்ட குடை ஒன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் சன்னலைப் பழைய சேலை கட்டி அடைத்தாள். அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள். காலை ஏழரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இருட்டிவிடும். புதன்கிழமைகளில் பாலைக் காய்ச்சி மூடி வைத்து, பக்கத்தில் பொட்டலத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் போவாள்.

மகள் கல்லூரிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பனிக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. பூவனலிங்கம் ஆட்டை அடைத்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

மாசி முதல் வாரம் அவன் ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பொட்டலம் வாங்கப் புதூர் மருந்துக்கடைக்குப் போனான். அங்கேதான் கேட்டான்:

"தம்பி பாண்டி, இந்தப் பொட்டலத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"வைட்டமின் டி, அண்ணாச்சி. வெயில்ல கெடைக்க சத்து. பாப்பா ரத்தத்துல அது ரொம்பக் கம்மி, இந்தா ரிப்போர்ட்டுலயே போட்டிருக்கான். வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடந்தா கம்மியாத்தான் போவும்."

"வெயிலயா பொட்டலங் கட்டி விக்கிய?"

"நானா கட்டுதேன்? கம்பெனிக்காரன் கட்டுதான்" என்று சிரித்தான் பாண்டிராஜ். பிள்ளைக்கு என்ன நோய் என்று அவன் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

வீடு வந்து சேர்வதற்குள் பூவனலிங்கத்தின் மண்டைக்குள் எல்லாம் சரியாகக் கூடிவிட்டது. கொட்டகையிலேயே கட்டிப் போட்ட குட்டிக்குக் கால் வளைந்து மூட்டு வீங்குவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அவிழ்த்து வெயிலில் விட்டால் பத்தே நாளில் துள்ளும். அதற்கு எந்த டாக்டரும் வேண்டாம். மகளுக்கும் மூட்டுத்தான் வீங்கியிருக்கிறது. அவளும்தான் அடைந்து கிடக்கிறாள். இது ஏன் முன்னமே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆட்டைப் பற்றி அவன் நினைத்தது அத்தனையும் சரி. மகள் ஆடில்லை என்பதை மட்டும் அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மறுநாள் வேன் போனதும் உள்ளே வந்தான்.

"ஏட்டி தீபா, எந்தி. செருப்பப் போடு. காட்டுக்குப் போவோம்."

"வெயிலு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவள்லா யப்பா."

"அது மூஞ்சி கறுத்துப் போயிரும்னு டவுனுப் பிள்ளையளுக்குச் சொல்லுதது. நாம என்ன செவப்பாவா இருக்கோம், புதுசாக் கறுக்குததுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். மூன்று மாதமாக அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை. எந்தத் தகப்பன் புத்தியையும் கெடுக்க அந்த ஒரு சிரிப்பு போதும்.

போகும்போது குடையை எடுத்துக்கொண்டுதான் போனாள். ஓடையைத் தாண்டியதும் அதை விரித்தாள். அந்த ஆடுகள் பிறந்ததிலிருந்து குடையைக் கண்டதில்லை. டப்பென்று சத்தம் கேட்டு, ஊதாவாக ஒன்று பெரிதாக விரியவும், முப்பத்திரண்டு உருப்படியும் நாலு திசைக்குச் சிதறின. ஐந்தாறு ஆடு மிளகாய்த் தோட்டத்துக்குள் பாய்ந்தன. தோட்டக்காரனிடம் வசவு வாங்கி, எல்லாவற்றையும் வளைத்துக் கொண்டுவருவதற்குள் பூவனலிங்கத்துக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"மடக்குட்டி அத! ஆட்டுக்காரன் மவளுக்குக் குடை ஒரு கேடா!"

அவள் மடக்கினாள். அதற்குப் பிறகு காட்டில் அதை விரிக்கவே இல்லை. ஆடு பத்தும் கம்பாக அது ஆயிற்று.

முதல் புதன்கிழமை அவளே கேட்டாள்: "இன்னைக்குப் பொட்டலம் யப்பா."

"அசலே தலைக்கு மேல நிக்கி. நகலு என்னத்துக்கு? பாலைக் குடி, அது போதும். அம்மைட்ட சொல்லிராத."

அவள் பாலை மட்டும் குடித்துவிட்டுப் பொட்டலத்தை எங்கோ ஒளித்தாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

முப்பத்தோரு நாள். அந்த முப்பத்தோரு நாளைத்தான் பூவனலிங்கம் இனிச் சாகும்வரை நினைத்துக்கொண்டிருக்கப் போகிறான். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் ஆடுகள் மேயும். பாழுங்கிணற்று ஓரத்தில் ஒரு தட்டைக் கல் உண்டு. தீபா அதில் உட்கார்ந்துகொண்டு, கோவில்பட்டி பஸ் கண்டக்டர் படிக்கட்டில் நிற்கிற பிள்ளைகளைத் திட்டுவதை அப்படியே நடித்துக் காட்டுவாள். தூக்குவாளியில் கொண்டுபோன கம்மங்கஞ்சியை இரண்டு பேரும் குடிப்பார்கள். அம்மா வருவதற்குள் வீடு வந்து, காலில் ஒட்டிய கரிசல் மண்ணைக் கழுவிவிட்டு, அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். திருட்டுத்தனத்தில் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். அவளுக்கு மூட்டு வீக்கம்கூட வடிந்தது. மாத்திரை பிடிக்க மூன்று மாதமாவது ஆகும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். அந்தக் கணக்குக்குத்தான் அது வடிந்தது. நல்ல பெயரை வெயில் தட்டிக்கொண்டு போயிற்று.

பங்குனியில் ஒருநாள் காலையில் அவள் முகம் ஊதியிருந்தது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோவில்பட்டியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர் கேட்டார்: "பாப்பா வெயில்ல ஏதும் அலைஞ்சாளா?"

"வாசப்படி தாண்டலம்மா" என்றாள் சுந்தரம்மாள். "சன்னலக்கூடச் சேலை போட்டு அடச்சு வச்சிருந்தேன்."

டாக்டர் பூவனலிங்கத்தைப் பார்த்தார். "இல்லம்மா" என்றான் அவன். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் கவசம் மாட்டியிருந்த மகள் அவனைப் பார்த்தபடி கிடந்தாள்.

பிறகு அவன் தனியாகப் போய் அந்த டாக்டரை வராந்தாவில் மறித்தான். "வெயில்ல போனா மூஞ்சி கறுக்கும், அம்புட்டுத்தானம்மா?"

"தோலோட நிக்காதுங்க. இந்த நோயில வெயில் பட்டா உள்ள அடங்கிக் கிடக்கிறது கிளம்பிரும். கிட்னிவரைக்கும் போகும். இவளுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வெயில் படாமலும் வர்றதுண்டு."

"அப்பம் அந்தப் பொட்டலத்துச் சத்து? அதும் வெயிலுதானம்மா?"

"வெயில்ல போக முடியாதவங்கன்னுதானே அதைக் கொடுக்கிறது" என்றார் டாக்டர்.

பூவனலிங்கம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே வார்டுக்குத் திரும்பினான்.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் சாயங்காலம் சுந்தரம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், தீபா கவசத்தை விலக்கிக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"யப்பா, அம்மாட்ட சொல்லிராதீய."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, சுந்தரம்மாள் மகளின் சாமான்களை எடுத்து வைத்தாள். மூலையில் சாத்தியிருந்த குடையைச் சும்மா விரித்தாள். மடிப்புக்குள்ளிருந்து ஐந்து பொட்டலம் தரையில் உதிர்ந்தது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

சுந்தரம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"பாவி நான்! பக்கத்துல நின்னு குடிக்க வைக்காம வேனப் பிடிக்க ஓடுனேனே! சத்தில்லாமயே எம்பிள்ளையச் சாகக் குடுத்திட்டனே!"

ஊரும் அதையேதான் பேசியது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமே என்றார்கள். சுந்தரம்மாள் ஐந்து பொட்டலத்தையும் மகள் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று, அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பூவனலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் சொன்ன வார்த்தை ஒரு பக்கம் தடுத்தது. செய்யாத குற்றத்துக்குப் பெண்டாட்டி செத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"சுந்தரம், நீ இல்ல. நாந்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். கொட்டகைக் குட்டியைச் சொன்னான், குடை கண்டு ஆடு மிரண்டதைச் சொன்னான், டாக்டர் வராந்தாவில் சொன்னதைச் சொன்னான். அவள் தன்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் கேட்டாள்: "எத்தன நாளு?"

"முப்பத்தோரு நாளு."

"சிரிச்சாளா?"

அவனுக்கு உடைந்துவிட்டது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"எனக்கு ஒரு நாளுகூடக் காட்டல" என்றாள் சுந்தரம்மாள்.

மறுநாள் அவன் ஆட்டை அவிழ்த்துப் பத்திக்கொண்டு கிளம்பியபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சுந்தரம்மாள் கையில் குடையோடு வந்துகொண்டிருந்தாள். அவன் நிற்கவும் அவளும் நின்றாள். அவன் நடக்கவும் நடந்தாள். ஓடையைத் தாண்டினார்கள். பாழுங்கிணற்றுப் பக்கம் வந்ததும் அவளே கல்லைப் பார்த்தாள்.

"இதுலயா இருப்பா?"

"ஆமா."

சுந்தரம்மாள் கல்லில் உட்காரவில்லை. அதற்குப் பக்கத்தில், வெறும் கரிசல் தரையில் உட்கார்ந்தாள். டப்பென்று குடையை விரித்தாள். அதைத் தன் தலைக்கு மேலே பிடிக்கவில்லை. கையை நீட்டி, காலியாகக் கிடந்த அந்தக் கல்லுக்கு மேலே பிடித்தாள். அவள் தலையில் வெயில் கொளுத்தியது.

ஆடுகள் மிரண்டு ஓடின. பூவனலிங்கம் குடையை மடக்கச் சொல்லவில்லை. ஓடி வளைத்து, வாய்விட்டுக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்தான். அவை தூரத்திலேயே நின்று ஊதாக் குடையை வெறித்துப் பார்த்தன. முதலில் ஒரு கிடாக் குட்டி கிட்டே வந்து அதை மோந்து பார்த்தது. பிறகு கிழட்டு ஆடு ஒன்று வந்தது. பிறகு எல்லாம் வந்து, கல்லைச் சுற்றிக் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளில் வாய் வைத்தன.

பழகுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.