கழிக்காத கட்டணம்

தலையணையை முதுகுக்குக் கொடுத்து அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்தபோதுதான், அவர் உடம்பில் கனமே இல்லை என்பது வினோதாவுக்கு உறைத்தது. தண்ணீர் பம்பைத் தனியாளாகத் தோளில் தூக்கிப் போன மனிதர். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று கண்டி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே உடப்புசல்லாவை டவுன் பனிமூட்டத்துக்குள் ஒளிந்திருந்தது. எதிர்க்கடை ரேடியோவில் யாரோ சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரல் மட்டும்தான் வந்தது, கடை தெரியவில்லை.

"டெக்ஸ் கட்டியாச்சாம்மா?" என்றார் சிவசாமி, கண்ணைத் திறக்காமலே.

வினோதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்காகவே ஒரு நல்ல சேதி வைத்திருந்தாள். ஹட்டனில் ஒரு கணக்காளரிடம் வேலை செய்கிறவள் அவள், இப்போது லீவு போட்டு வந்திருக்கிறாள். அப்பாவின் வரிக் கணக்கை எழுதுவதும் அவள்தான்.

"இந்த வருசம் ஒண்ணும் கட்ட வேணாம்ப்பா. நீங்க ஒடம்புக்குக் கட்டுற இன்சூரன்ஸ் காச வருமானத்துல கழிக்கலாம்னு எங்க சார் சொன்னாரு. கழிச்சுப் பாத்தா வரியே வரல."

"வரியே வரலியா?"

"ஒரு சதம்கூட இல்ல."

சிவசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தோட்டத்தை விட்டு வந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் கைவிட்டுப் போனது. டவுனில் மருந்தடிக்கிற டேங்கியும் பம்பும் திருத்துகிற கடை ஒன்று போட்டார். ஏஜன்ட் ஒருவனின் பேச்சில் மயங்கி மருத்துவ இன்சூரன்ஸும் எடுத்தார். வராத நோய்க்குக் காசு கட்டுகிற ஆள் என்று மனைவி அம்மாக்கண்ணு கேலி செய்வார், அவரும் சிரித்துக்கொள்வார். வரி விஷயத்தில் மட்டும் கேலி செல்லாது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துக் குடும்பம் என்பதால் ஐம்பதைத் தாண்டும்வரை பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த மனிதர். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நீ எந்த நாட்டு ஆள் என்று கேட்டு ஓரமாக நிற்க வைத்தார்கள். நுவரெலியா வரிக் கந்தோருக்குக் கட்டப் போன அன்றுதான் அப்படி யாரும் கேட்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வருசமும் வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி அதை டவுன் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"கட்டாதவன யாரு தேடப் போறா?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"இது சட்டப்படி உள்ளதுதான்ப்பா. ஏமாத்து இல்ல."

"ஏமாத்துன்னா சொன்னேன்? இன்சூரன்ஸு என் ஒடம்புக்கு. வரி நாட்டுக்கு. அதுக்குள்ள இத கொண்டுவந்து போடாத."

வினோதாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வரியைக் குறைத்துத் தரச் சொல்லி ஊரே அவள் மேசை முன்னால் தவம் கிடக்கிறது. குறைத்ததைக் கூட்டச் சொல்கிறவர் இவர் ஒருவர்தான். அதுவும் சாகப் போகிற நேரத்தில். அந்தச் சொல் மனசுக்குள் வந்ததும் அவள் பயந்துபோனாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து, கழித்திருந்த தொகையின் மேல் அவர் பார்க்கக் கோடு இழுத்தாள்.

"எடுத்துட்டேன். முழுசாவே கட்டுவோம்."

"எப்ப?"

"நாளைக்கு நானே போயி..."

"நீ மட்டும் போனா எப்புடி? நான் வர வேணாமா? இன்னைக்கே போவோம். பஸ் வந்துரும்."

அவர் கண்கள் இந்த அறையில் இல்லை. வினோதா அம்மாவைப் பார்த்தாள். கதவோரம் நின்ற அம்மாக்கண்ணு தலையை மட்டும் அசைத்தார்.

"சரிப்பா, கெளம்புவோம்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் வந்துருச்சு. ஜன்னல் பக்கம் ஒக்காருங்க."

"கூட்டமா?"

"இல்ல. நாம மட்டுந்தான்."

பஸ் புறப்பட்டது. அவள் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ராகலையில் மரக்கறி மூட்டை ஏற்றினார்கள். கொழுந்துக் கூடையோடு பெண்கள் பாதையோரம் ஒதுங்கி நின்றார்கள். ஃபெக்டரி வந்ததும் சிவசாமி நிறுத்தச் சொன்னார்.

"ரோலர் சத்தம் சரியில்ல."

"வரும்போது பாப்போம்ப்பா."

பனி கண்ணாடியில் ஏறி வழிந்தது. வினோதாவுக்கே எங்கே இருக்கிறோம் என்பது மறந்துகொண்டு வந்தது. கொழுந்து வாடும் மணம் அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. கந்தப்பளை வளைவில் அவர் விரல்கள் அவள் விரல்களை இறுக்கின. பிறகு விட்டுவிட்டன.

அவளுக்குத் தெரிந்தது. அம்மாக்கண்ணுவுக்கும் தெரிந்தது. அவர் கட்டிலருகே வந்து கணவரின் இமைகளை மூடினார். தாடையைச் சேர்த்துக் கட்டப் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்தார்.

வினோதா கையை விடவில்லை.

"நுவரெலியா வந்துருச்சுப்பா" என்றாள். "பாத்து எறங்குங்க. கந்தோர் தெறந்துதான் இருக்கு. கியூவே இல்ல, நீங்க நேரா போங்க."

அம்மாக்கண்ணு துணியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். மகள் ரசீது வாங்கி முடியட்டும் என்று காத்திருந்தார்.