மூடியைத் திறந்தால் ஓடும் மெஷின்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டீக்கடைச் சிரிப்பிலிருந்து. கோவில்பட்டியில் பழைய மெஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்கும் மாதவன் இதைத் தமாஷாகத்தான் சொன்னான். கூட இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

முதலில் எழுதிய வரி: "கரிசல் மண் வெடித்துக் கிடந்த ஒரு சித்திரை மாதத்தில்..." அடித்துவிட்டேன். இந்தப் பக்கத்துக் கதை என்றால் பத்திரிகைக்காரர்களுக்கு வெடித்த மண் வேண்டும், வேலிக்கருவை வேண்டும், குடத்தோடு அலையும் பெண் வேண்டும். என் கதையின் நாயகனோ போர்டில் உட்காரும், இருபது கால் உள்ள ஒரு ஐ.சி. சில்லு. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

2.

எட்டயபுரம் சாலையில் தங்கசாமி அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. அங்கே குச்சியை மெழுகில் முக்கியெடுக்கும் கிழட்டு மெஷின் ஒன்று. மூடியைத் திறந்தால் அது நிற்க வேண்டும். சிக்கிய குச்சிகளை அங்கே கூலிக்கு வேலை பார்க்கும் பேபி கையை விட்டு எடுப்பாள். மூடினால் மறுபடி ஓட வேண்டும். மூடி திறந்திருக்கிறது என்ற செய்தியை வாங்கி, வலுவேற்றி, மோட்டார் பக்கம் அனுப்புவது போர்டில் உள்ள பஃபர் ஐ.சி. அது செத்துப்போனது.

(பேபிக்கு ஊர் எப்போதும்வென்றான். அந்தப் பெயரை வைத்து உருக்கமாக ஒரு வரி எழுதக் கை அரிக்கிறது. எழுதமாட்டேன்.)

புதிது வாங்கப் பழையதன் நம்பர் தெரிய வேண்டும். அண்ணாச்சி பக்திமான். ஆயுத பூஜைக்கு மெஷினோடு நிறுத்தமாட்டார். போர்டு இருக்கும் பெட்டியையும் திறந்து, ஐ.சி. முதுகில் சந்தனம் குங்குமம் வைப்பார். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பார். வருஷா வருஷம் தேய்த்ததில் கடைசி இலக்கம் போயே போய்விட்டது. 24 வரைக்கும்தான் தெரிந்தது.

240 ஆகவும் இருக்கலாம், 244 ஆகவும் இருக்கலாம். இரண்டும் அதே சாக்கெட்டில் அதே கால்களோடு உட்காரும். 244 வந்த செய்தியை வந்தபடியே கொடுக்கும். 240 அதைத் தலைகீழாக்கிக் கொடுக்கும்.

[இங்கே எல்.எஸ்., எச்.சி. என்ற வகைகள் பற்றி ஒரு பத்தி இருந்தது. புதிய எச்.சி. வகை, பழைய போர்டின் சன்னக்குரலைச் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது, அதனால் எல்.எஸ்.தான் போட வேண்டும். மாதவன் அதில் மட்டும் சரியாக இருந்தான். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அந்த ரகம்.]

மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் எந்த நம்பர் என்று தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. கடையில் 240 இருந்தது. அதை வாங்கி மாட்டினான்.

3.

மூடியை மூடினார்கள், மெஷின் நின்றது. திறந்தார்கள், ஓடியது.

"என்னலே இது, தொறந்தாத்தான் ஓடுது?" என்றார் அண்ணாச்சி.

"வேற ஐ.சி. போடணும் அண்ணாச்சி. மதுரையில போயி வாங்கிட்டு வாரேன்."

"நீ வாரதுக்குள்ள மெழுகு ஒறைஞ்சிரும். ஓடுதுல்லா? தொறந்து போட்டே ஓட்டுங்க."

பேபி கேட்டாள்: "குச்சி சிக்குனா என்ன செய்ய, மொதலாளி?"

"ஏட்டி, பாத்துப் பதனமா எடு. ஒனக்குத் தெரியாததா?"

இந்த ஊரில் ஒருத்தியைப் பாழுங்கிணற்றில் இறக்க இந்தப் பாராட்டு போதும். மூடியை மூடினால் மெஷின் நிற்கும், ஆனால் கை உள்ளே போகாது. திறந்தால் கை போகும், ஆனால் பல்சக்கரம் சுற்றும். மெயினை அணைத்தால் மெழுகு கட்டிவிடும், அன்றைய கூலி போய்விடும். மாதவன் மதுரைக்குப் போகவே இல்லை. மெஷின் ஓடியதால் யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

4.

முடிவுகள்.

அ) மாதவன் மனம் திருந்தி, கண்ணீரோடு மதுரை பஸ் ஏறுகிறான். த்தூ.

ஆ) பேபியின் விரல் போகிறது. இதற்குப் பரிசு நிச்சயம். விழாவில் ஒருவர் மூக்கைச் சிந்துவார். பிறகு சாப்பாடு.

இ) நானே ஒரு 244 வாங்கிக்கொண்டு போகிறேன். இது நடந்தது. அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையிலேயே போட்டார்.

"ஓடுத மெஷின நோண்டப்பிடாது வே. நீரு போயி கதைய எழுதும்."

பேபி திறந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கண்ணை எடுக்காமல், சுற்றுகிற சக்கரத்துக்கு நடுவிலிருந்து ஒரு குச்சியை உருவினாள்.

"கதையா எழுதுதீங்க?" என்றாள். "அதுல என் கை என்ன ஆவுது?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

5.

இரண்டாம் பகுதியிலேயே மாதவன் 244ஐ மாட்டியிருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டீர்கள். இந்தக் கதையும் மூடி திறந்து கிடப்பதால்தான் ஓடுகிறது. அண்ணாச்சிக்குக் குச்சி வேண்டும், பத்திரிகைக்கு விரல் வேண்டும், உங்களுக்கு முடிவு வேண்டும். மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: ஓடுதுல்லா?

ஓடுகிறது. மெழுகு சூடாக இருக்கிறது. ஒரு குச்சி குறுக்கே விழுகிறது. பேபி குனிந்து

(வாக்கியத்தை இங்கேயே விட்டுவிட்டேன். 244 இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. முடிவு உங்கள் கையில். உங்கள் கை வெளியேதானே இருக்கிறது.)