இரண்டு பக்கமும் அவளுக்கே

என் தங்கை டெலீனுக்கு எப்போதும் அதிர்ஷ்டம் முன்னால் நடக்கும். ஒரே வயிற்றில் பிறந்தோம். அவள் பால் நிறம், வழுக்கி விழும் கூந்தல். நான் அப்பாவைக் கொண்டு, கறுத்த நிறமும் சுருட்டை முடியுமாகப் பிறந்தேன். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி நடந்தபோது, தானும் வெள்ளைக்காரி என்று சொல்லி, கேப் டவுனின் பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தாள். அந்த வேலை வெள்ளைப் பெண்களுக்கு மட்டும்தான். கடையின் பின்கட்டில் துணியை அளவு திருத்தும் அறை. அதில் முழுக்க எங்களைப் போல வெள்ளையும் கறுப்பும் கலந்த கலப்பினப் பெண்கள். மூட்டை தூக்கக் கறுப்பு ஆண்கள், கணக்குப் பார்க்க வெள்ளை ஆண்கள். நான் பின்கட்டில் தைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளையர் என்று சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டவர்களை வெளியே பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் அவர்கள் பிழைப்பு போய்விடும். அம்மாவுக்கு மகளைப் பார்க்க ஆசை வந்தால் கடைக்கு வந்து கைக்குட்டை விலை கேட்பாள். டெலீன் யாரோ போல விலை சொல்வாள். அம்மா வாங்காமல் திரும்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய சம்பளமும் அவளுக்கு, அம்மாவின் ஏக்கமும் அவளுக்கு. ராத்திரி அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டது மட்டும் நான்.

ஆட்சி மாறியது. எந்தத் தொழிலில், எந்தப் படியில், எந்த இனத்தார் எத்தனை பேர், அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை என்று அரசாங்கம் கணக்குக் கேட்டது. எங்கள் கடையில் மேல்படி முழுக்க வெள்ளை. அதனால் மேலாளர் பதவி ஒன்றைக் கலப்பினப் பெண் ஒருத்திக்குத் தருவதாகச் சொன்னார்கள். பின்கட்டில் எல்லாரும் என்னைத்தான் கைகாட்டினார்கள்.

"ஹில்டா அக்கா, மேல போனதும் எங்களை மறந்துடாதீங்க," என்றாள் பக்கத்து மெஷின் ரோஷீன்.

"உன் கோணல் தையலை எப்படிடி மறப்பேன்?"

மறுநாள் பணியாளர் பிரிவு அதிகாரி லுவாண்டோ கூப்பிட்டு அனுப்பினார். போனால், அங்கே டெலீன் உட்கார்ந்திருக்கிறாள்.

"இவங்களும் அந்தப் பதவியக் கேக்குறாங்க," என்றார். "தான் கலப்பினம்னு சொல்றாங்க. கடையில இருக்கிற பழைய காகிதம் எல்லாம் வெள்ளைன்னு சொல்லுது. நீங்க இவங்களுக்குக் கூடப்பொறந்த அக்காவாமே?"

"சொல்லேன், அக்கா," என்றாள் டெலீன். எங்கள் வீட்டுப் பேச்சில், அந்தக் கடைக்குள் முதல் தடவையாக.

அந்த 'அக்கா'வை அம்மாவின் சவப்பெட்டி பக்கத்தில் நின்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஆளே வரவில்லை. பதவி என்றதும் உறவு ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளைப் பந்தியில் வயிறு நிறையத் தின்றவள், இப்போது எங்கள் பந்தியிலும் முதல் ஆளாக உட்கார வந்திருக்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

"இல்லைங்க சார்," என்றேன். "இந்தம்மாவ முன்பக்கம் பாத்திருக்கேன். பேசினதில்ல."

டெலீனின் முகம் வெளுத்தது. அதற்கு மேலும் வெளுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அம்மா மேல ஆணையா சொல்லு," என்றாள்.

"உங்க அம்மாவ எனக்குத் தெரியாதுங்களே."

லுவாண்டோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டெலீனின் விண்ணப்பத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

பதவி எனக்கே வந்தது. உத்தரவை வாங்கிக்கொண்டு இறங்கும்போது, படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அழுதால் மூக்கு சிவந்து, முகம் வீங்கி, பார்க்கச் சகிக்காது. அவள் அழும்போதும் அழகாகத்தான் இருந்தாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.